டர்போவுக்கு மூச்சிரைப்பு

இந்தத் தடவை ஏலகிரிக்குப் போவதில்லை என்று ஜோசுவா சபதமே எடுத்துவிட்டான். மலைமேல் அவனுக்குக் கோபமில்லை. மலைமேல் இருந்த மச்சான்மேல்தான் பயம். மனைவி சுகாசினியின் அண்ணன் அருள் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். விருந்தாளி என்று வந்தவனை விடியுமுன் எழுப்பி, ஏரியைச் சுற்றி ஓடவிட்டு, திரும்பி வந்ததும் தோப்புக்கரணம் போடவைப்பார். போன முறை போய்வந்த பிறகு ஜோசுவா வெகுநாள் மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் இறங்கினான்.

ஆனால் "வரமாட்டேன்" என்று பெண்டாட்டியிடம் சொல்ல அவனுக்குத் தைரியம் ஏது? வண்டியே சொல்லட்டும் என்று முடிவுசெய்தான். புறப்படும் நாள் காலை, சுகாசினி குளிக்கப் போன நேரம் பார்த்து பானெட்டைத் திறந்தான். டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகும் ரப்பர் குழாயின் கிளிப்பை ஸ்க்ரூ டிரைவரால் தளர்த்தினான். மூடினான். கை கழுவினான்.

"டீசல் போட்டுக்கினு வந்துடலாம், வாமா" என்று அவளையும் ஏற்றிக்கொண்டு, ஏனாத்தூரிலிருந்து பெங்களூர் ரோட்டுக்கு வந்தான். மேம்பாலம் ஏறும்போது வண்டி முக்கியது, முனகியது. பின்னால் கரும்புகை. முன்னால் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். தக்காளி ஏற்றிய குட்டி யானை வேன் ஒன்று ஹாரன் அடித்து முந்திப் போனது.

"என்னாச்சுங்க?"

"பூஸ்ட் குறைஞ்சிடுச்சு."

"நேத்துதானே புது டப்பா பிரிச்சேன்?"

"அந்த பூஸ்ட் இல்லமா. டர்போ தள்ற காத்தோட அழுத்தம்."

"ஃபில்டர் அடைச்சிக்கினு இருக்குமோ?"

"போன மாசந்தான் மாத்தினேன்."

"அப்ப அந்த உஸ்ஸு?"

"அதான் டர்போவோட கடைசி மூச்சு. மெக்கானிக் கழட்டிப் பாக்கவே ஒரு வாரம் ஆவும். இதை வெச்சிக்கினு மலை ஏற முடியுமா?" முகத்தில் முடிந்தமட்டும் சோகத்தை வரவழைத்தான். "மச்சானைப் பாக்க முடியலியேன்னு எனக்குத்தான் மனசே ஆறல."

சுகாசினி அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஜோசுவா நாற்காலியில் காலை நீட்டி விசிலடித்தான். அவள் திரும்பி வந்தாள்.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டேங்க."

"ரொம்ப வருத்தப்பட்டாரா?"

"சந்தோஷப்பட்டாரு! மாப்பிள்ளை வரமுடியலன்னா என்ன, நாங்க வர்றோம்னு குடும்பத்தோட கிளம்பிக்கினு இருக்காங்க. பசங்களுக்கு லீவு முடியறவரைக்கும் இங்கதானாம். உங்களுக்குன்னு கர்லாக்கட்டை வேற எடுத்தாறாராம்."

நீட்டிய கால் தானாக மடங்கியது.

"ஐயோ சுகா, வேணாம்னு சொல்லு! நாமளே போயிடலாம். இரு, வண்டிய ஒருவாட்டி பாத்துட்டு வந்துடறேன்!"

ஓடினான். பானெட்டைத் திறந்தான். ஃபில்டர் பக்கம் போகவில்லை. டர்போவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராக அந்தக் கிளிப்பில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து முறுக்கினான். ஸ்டார்ட் செய்து ஓங்கி மிதித்தான். உஸ்ஸைக் காணோம்.

"சரியாப் போச்சு! போன் போடு, மச்சான் கிளம்பிடப் போறாரு!"

இடுப்பில் கை வைத்தபடி சுகாசினி வாசலில் நின்றிருந்தாள்.

"நான் எங்கங்க போன் பண்ணேன்? எந்த ஸ்க்ரூன்னு தெரிஞ்சிக்கத்தான் அப்படிச் சொன்னேன். பையெல்லாம் எடுத்தாந்து டிக்கியில வைங்க."