ஆறு சதவீத ஐரோப்பியர்

உலகில் சில நாடுகள் எண்ணெயால் உயர்ந்தன, சில கோதுமையால். கரீபியக் கடலில் உள்ள குராசோ தீவு உயர்ந்தது முப்பாட்டன்களால். மழை எட்டிப் பார்க்காத ஊர், கற்றாழையும் முள்ளும் தவிர வேறெதுவும் தலைதூக்காத மண். ஆனால் ஐரோப்பிய வணிக மூதாதையர் மட்டும் அங்கே ஆண்டு முழுவதும் அமோகமாக விளைகிறார்கள். விளைச்சல் தேவைக்கு மேல் போய்விட்டதால் தரம் பிரிக்க ஒரு சங்கமே அமைக்க வேண்டியதாயிற்று.

அதுதான் ‘மாண்புமிகு ஐரோப்பிய வணிகர் வழித்தோன்றல்கள் சங்கம்’. வில்லெம்ஸ்டாட் நகரில், ஸ்கார்லோ தெருவில், வெள்ளைத் தூண் வைத்த மஞ்சள் மாளிகையில் மாதம் ஒருமுறை கூடுகிறது. உறுப்பினர்கள் அனைவரும் காப்பி நிறம். பால் சிலருக்குக் கொஞ்சம் கூட, சிலருக்குக் குறைவு. சுவரில் மாட்டிய முன்னோர்கள் மட்டும் முழுப் பால். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் ‘ஷோன்’ என்றே அழைப்பார்கள். அடிமைகள் எஜமானரை அழைத்த சொல் அது. இப்போது அழைக்க ஆளில்லாததால் பொறுப்பை அவர்களே பகிர்ந்துகொண்டிருந்தார்கள்.

உர்வின் இசேனியா முப்பத்தொரு வருடம் குடிநீர் மீட்டர் கணக்கெடுத்தவர். ஸ்கார்லோ தெருவில் அவருக்குத் தெரியாத கொல்லைப்புறம் கிடையாது. எந்த வீட்டு நாய் கடிக்கும், எது நடிக்கும் என்பதுவரை அத்துப்படி. ஆனால் எந்த வீட்டின் கூடத்தையும் அவர் பார்த்ததில்லை, ஏனென்றால் கூடத்தில் யாரும் மீட்டர் வைப்பதில்லை. ஓய்வு பெற்ற மறுநாளே அவர் முடிவு செய்துவிட்டார்: சாவதற்குள் அந்த மஞ்சள் மாளிகைக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு கோப்பை தேநீர் குடிக்க வேண்டும். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

சங்கத் தலைவர் ஷோன் தியோதோர் ஃபன் லூபர்க் விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்து விதிகளை விளக்கினார். மாலுமி, சிப்பாய், சமையல்காரர் வழி வந்தவர்களுக்கு இடமில்லை. கடற்கொள்ளையர் என்றால், உரிமம் வாங்கிக் கொள்ளையடித்தவராக இருந்தால் பரிசீலிக்கப்படும். ஷோன் தியோதோரின் முன்னோர் புழுத்த மாவை மூன்று கடல் தாண்டிக் கொண்டுபோய் விற்ற தீரர். ஆகவே முக்கியமான விதியை அவர் எழுந்து நின்றே சொன்னார்.

“முன்னோர் வணிகர்னு வாய்ல சொன்னா போதாது. ஒண்ணு, வாங்கின பத்திரம் வேணும். இல்ல, வித்த பத்திரம் வேணும்.”

உர்வின் முதலில் நவீன விஞ்ஞானத்தை நாடினார். ஒரு குழாயில் எச்சில் துப்பி அமெரிக்காவுக்கு அனுப்பினார். ஆறு வாரம் கழித்து அவருடைய பூர்விகம் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. வடமேற்கு ஐரோப்பா: ஆறு சதவீதம். அதை அச்செடுத்து, சட்டம் போட்டு, வரவேற்பறையில் ஏசுநாதர் படத்துக்குப் பக்கத்தில், ஒரு விரற்கடை கூடுதல் உயரத்தில் மாட்டினார்.

மேற்குக் கரைக்குச் சிற்றுந்து ஓட்டும் அவர் மனைவி எர்மினா சாவியைச் சுழற்றியபடி அதைப் படித்தாள்.

“ஆறு நீயி. சரி. மிச்சத் தொண்ணூத்தி நாலு யாரு, வாடகைக்கு இருக்கறவங்களா?”

அந்த ஆறு சதவீதம் உர்வினை வேகமாக ஆட்கொண்டுவிட்டது. சோளக்களியும் ஆட்டுக்கறிக் குழம்பும் வயிற்றுக்கு ‘ஒத்துக்கொள்ளவில்லை’. அவித்த உருளைக்கிழங்கு மட்டும் இறங்கியது. அறுபத்திரண்டு வருடம் கண்டுகொள்ளாத வெயில் திடீரென்று தோலைச் சுட்டது. கம்பளிச் சட்டை ஒன்றை வாங்கி, நடுப்பகலில் போட்டுக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, வானத்தைப் பார்த்து, பனி இன்னும் தொடங்கவில்லையே என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். இந்த மனுஷனை அவித்த உருளைக்கிழங்கோடு சேர்த்துக் கப்பலேற்றிவிடப் போவதாக எர்மினா பயணிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்தது ஆவணக் காப்பகம். அங்கே பணிபுரிந்த ஷர்லெய்ன் பொறுமைசாலி. வருகிறவர்கள் எல்லோரும் தாத்தாவைத்தான் தேடுவார்கள், பாட்டியைக் கேட்டு ஒருவரும் வந்ததில்லை என்று முதல் நாளே அவள் சொன்னாள். உர்வின் அதைப் புள்ளிவிவரமாக எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது வாரம் அவருடைய முப்பாட்டனின் ஞானஸ்நானப் பதிவு கிடைத்தது. குழந்தை: லோடவைக். தகப்பன்: கோர்னேலிஸ் ப்ரூகல்மன், வணிகர். தாயின் பெயர் இருந்த இடத்தைக் கரையான் தின்றிருந்தது. உர்வினுக்கு அது பெரிய நஷ்டமாகப் படவில்லை. ‘வணிகர்’ என்ற எழுத்தில் கரையான் வாய் வைக்கவில்லை, அது போதும். காப்பகம் முழுவதற்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். வாயிற்காவலருக்கு இரண்டு துண்டு. அன்று சாயங்காலம் எர்மினாவிடம், தன்னை ஒருமுறை, ஒரே ஒருமுறை ஷோன் உர்வின் என்று கூப்பிட முடியுமா என்று கேட்டார். அவள் அப்படியே கூப்பிட்டு, குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டச் சொன்னாள்.

இனி ஒரு பத்திரம்தான் பாக்கி. நான்காவது வாரம் ஷர்லெய்ன் தொலைபேசியில் அழைத்தாள். பத்திரம் கிடைத்துவிட்டது, நேரில் வரவும் என்று மட்டும் சொன்னாள். உர்வின் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. முதல் தாளை அவளே மெதுவாகப் படித்தாள். ஆண்டு ஆயிரத்து எண்ணூற்று இருபத்தொன்று. விற்பவர்: கோர்னேலிஸ் ப்ரூகல்மன், வணிகர். வாங்குபவர்: மேற்குக் கரையில் ஒரு தோட்ட முதலாளி. சரக்கு: இசேனியா, வயது பத்தொன்பது, தையல் தெரியும். அவள் மகன் லோடவைக், வயது இரண்டு, நிறம் வெளுப்பு, நோய் இல்லை. பெற்றுக்கொண்டது: சேணத்தோடு ஒரு கோவேறு கழுதை.

உர்வின் கழுதை என்ற சொல்லைத் திரும்பப் படிக்கச் சொன்னார். அவள் படித்தாள்.

இரண்டாவது தாள் அடிமை விடுதலைப் பதிவேட்டின் பக்கம். நாற்பத்திரண்டு வருடம் கழித்து எழுதியது. லோடவைக், கொத்தனார், வயது நாற்பத்து நான்கு.

“அன்னிக்கு எல்லாருக்கும் குடும்பப் பேரு எழுதினாங்க, மாமா,” என்றாள் ஷர்லெய்ன். “என்ன பேரு வேணும்னு அவர்கிட்ட கேட்டிருக்காங்க. அவரு அம்மா பேரைச் சொல்லியிருக்காரு. அதைத்தான் நீங்க இத்தனை வருஷமா கையெழுத்துப் போட்டுட்டு இருக்கீங்க.”

உர்வின் கம்பளிச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். அதை எடுக்காமலே வீட்டுக்குப் போனார். எர்மினாவிடம் தாள்களைக் கொடுத்தார். அவள் நின்றபடியே படித்தாள். பிறகு சோளக்களியை இரண்டு தட்டில் போட்டாள். அவர் சாப்பிட்டார், இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை சங்கக் கூட்டம். உர்வின் கூடத்துக்குள் நுழைந்தார். தேநீர் வந்தது, கோப்பை அவர் நினைத்ததைவிடச் சிறியது. பத்திரத்தை முழுவதும் உரக்கப் படித்துவிட்டு உட்கார்ந்தார்.

சங்கம் உணர்ச்சிக்கு இடங்கொடுக்கும் சங்கமல்ல. பத்திரம் கைமாறிக் கைமாறிப் போயிற்று. முத்திரை இருக்கிறதா? இருக்கிறது. கையொப்பம்? இரண்டு. ரொக்கம் இல்லாமல் கழுதைக்கு விற்றால் அது வணிகம்தானா என்று ஒருவர் ஐயம் எழுப்பினார். சேணமும் சேர்ந்து வந்திருப்பதால் அது லாபகரமான வணிகமே என்று விவாதத்துக்குப் பின் முடிவாயிற்று. ஷோன் தியோதோர் நெகிழ்ந்துபோய் எழுந்தார்.

“இப்படி ஒரு பத்திரம் இந்தச் சங்கத்துக்கு வந்ததே இல்ல. பெத்த பிள்ளைன்னு கூடப் பாக்காம வியாபாரத்தை வியாபாரமா பண்ணியிருக்காரு. கலப்படமே இல்லாத வணிகர். ஷோன் உர்வின், வாங்க, கையெழுத்துப் போடுங்க.”

எல்லோரும் கைதட்டினார்கள். படிவம் முன்னால் வந்தது. ‘மூதாதையர், வாங்கியவரா விற்றவரா, பொருந்தாததை அடிக்கவும்’ என்று அதில் அச்சிட்டிருந்தது. உர்வின் பேனாவை வாங்கி முதல் சொல்லை அடித்தார். இரண்டாவதையும் அடித்தார். பக்கத்தில், மீட்டர் எண் எழுதும் அதே தெளிவான கையெழுத்தில், ‘விற்கப்பட்டவர்’ என்று எழுதி, கீழே இசேனியா என்று கையொப்பமிட்டார்.

அப்படி ஒரு வகை விதிகளில் கிடையாது என்று ஷோன் தியோதோர் வருத்தத்தோடு தெரிவித்தார்.

“விதியில இல்லாம இருக்கலாம்,” என்றார் உர்வின். “ஆனா அந்த வகை இல்லாம இந்தக் கூடத்துல ஒருத்தர்கூட பொறந்திருக்க முடியாதே, தியோதோர்.”

அவர் தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்தார். எர்மினா வண்டியோடு நின்றிருந்தாள்.

அன்றைய நடவடிக்கைக் குறிப்பேடு இன்றும் சங்கத்தில் பத்திரமாக இருக்கிறது. இத்தீவின் அறிவுத்தாகத்துக்கு அதைப்போல் சான்று வேறில்லை. ஒரே ஒரு தீர்மானம், ஏகமனதாக: ‘வரலாற்று ஆராய்ச்சியின் மேன்மையைக் காக்கும் பொருட்டு, ஆவணக் காப்பகம் செல்லும் உறுப்பினர்கள் விற்பவர் பெயரைப் படித்ததும் நிறுத்திக்கொள்ள வேண்டும், என்ன விற்றார் என்ற வரிக்குப் போகக்கூடாது.’