கதவுக்குக் கதவு சிங்கம்

"என்னடா இது, நாயா?" என்றார் ஜமீன்தார்.

"சிங்கமுங்கய்யா," என்றான் சேவுகன். கீரனூரில் பஸ்களுக்குப் பெயர் எழுதுகிறவன். சிங்கம் வரைவது இதுதான் முதல் தடவை.

ராஜா ஆட்சி போய்ப் பன்னிரண்டு வருஷமாகியும் ஜமீன்தார் அதைக் கவனிக்கவில்லை. பாதி ஆயுளைப் பட்டணத்தில் கழித்துவிட்டு வந்தவர், இப்போது பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றார். ஓட்டுப்பெட்டியில் குடும்பச் சின்னத்தை ஒட்டச் சொன்னார். அதிகாரி மறுத்து, வெறும் குடையைக் கொடுத்துவிட்டார்.

"வெறுங்குடையப் பாத்தா குடை ரிப்பேர்காரன் நிக்கிறான்னு நெனைப்பாங்க. முழுச் சின்னத்தையும் ஊருக்கு ஞாபகப்படுத்து. ரெண்டு சிங்கம் வீரம். நடுவுல யானை, செல்வம். மேல குடை, நீதி. சூரிய சந்திரர் உள்ள மட்டும் நம்ம ஆட்சி."

சூரிய சந்திரர் இருந்தார்கள்.

"ஜெயிச்சா பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒனக்கு பியூன் வேலை."

சேவுகனுக்கு அது போதும். அவன் கட்டிக்கொள்ள நினைத்தவள் அழகி. உத்தியோகம் இல்லாதவனுக்குப் பெண் தரமாட்டேன் என்று அவள் அப்பா சொல்லி ஆறு மாதமாகிறது.

முதலில் சாவடிச் சுவரில் எழுதினான். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள். ஜெயிக்கிற சீட்டைக்கூடப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

"மரியாதைடா! இன்னும் பெருசாப் போடு."

டீக்கடைச் சுவரில் யானை அளவுக்கே யானையைப் போட்டான். கடை காலி.

"மாஸ்டர் அடுப்பக்கூட அணைக்காமப் போயிட்டாருங்கய்யா."

"பயபக்தி! ஒரு கதவு விடாமப் போட்டுரு."

மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு கதவு. முப்பதாவது கதவில் சிங்கம் பூனையானது. நூறாவதில் மறுபடி நாயானது. யாரும் குறை சொல்லவில்லை. கதவைத் திறந்த பெண்கள் படத்தைப் பார்த்ததும் உள்ளே திரும்பி ஏதோ சொன்னார்கள். உடனே கொல்லைப்பக்கம் வேலி சடசடத்தது.

தேர்தலன்று பள்ளிக்கூட வாசலில் வரிசை முழுக்கப் பெண்கள். ஜமீன்தாருடையதைத் தவிர ஒரு மீசை இல்லை.

எண்ணினார்கள். குடைப்பெட்டியில் ஒரே ஓட்டு. அது ஜமீன்தார் போட்டது. அவர் மனைவி பிரகதாம்பாளும் ஓட்டுப் போட்டாள் என்பது வேறு விஷயம்.

சேவுகன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு தெரு வழியே நடந்தான். மருதாயிக் கிழவி தன் வீட்டுக் கதவைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆம்பளைங்கள்லாம் எங்கிட்டு ஆத்தா போய்ட்டாங்க? என் வேலையும் போச்சு, கல்யாணமும் போச்சு."

"இந்நேரம் கடக்கரை மணமேல்குடிய நெருங்கியிருப்பாங்க. நீ அசலூரு, ஒனக்கு எங்க தெரியும்?" கிழவி சிங்கத்தின் வாலில் ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். "அப்பல்லாம் கதவுல இந்தப் படத்த ஒட்டுனா, அந்த வீட்டு ஆம்பள விடியமுன்ன ஜமீன் கம்மாய்க்குக் கூலியில்லாம மண்ணு வெட்டப் போகணும் தம்பி, எங்க வீட்டுக்காரரு போயி இருவத்தஞ்சு வருசமாச்சு, இன்னும் சோத்துக்கு வரல."