ராக்கெட்டின் நூறாவது ஆட்டமும் இருபத்தேழாவது விண்ணப்பமும்

குடிநீர் இணைப்பு அலுவலகங்களுக்கான நடைமுறை விதித் தொகுப்பில் பதினான்காவது விதி இப்படிச் சொல்கிறது: "குடிநீர் அவசியச் சேவையாதலின், எந்தவொரு வேலை நாளிலும் பணியாளர் அனைவரும் ஒருசேர விடுப்பில் செல்லலாகாது. குறைந்தபட்சம் ஒருவரேனும் இருக்கையில் இருந்து, பொதுமக்களுக்கு ஆவன செய்தல் வேண்டும்." நல்ல விதி. யாரும் குறை சொல்ல முடியாத விதி. எழுதின புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அவர் புண்ணியத்தில்தான் நம் நாடு அந்தக் கோப்பையைக் கோட்டைவிட்டது.

அந்த விதியை வரிக்கு வரி மனப்பாடமாக வைத்திருந்தவர் ஹெட் கிளார்க். இருபத்தேழு பேர் வேலை பார்க்கும் அலுவலகத்தில் விடுப்புப் பதிவேடு அவர் கையில். அவருக்கு உலகத்தில் பிடித்தவை இரண்டு. ஒன்று அந்தப் பதிவேடு, இன்னொன்று கால்பந்து. கால்பந்து என்றால் ராக்கெட். தேசிய அணியின் கேப்டன், இடது காலால் உதைத்தால் கோல் கீப்பர் கும்பிடு போட்டுவிட்டு ஒதுங்குவான் என்று ஊரே சொல்லும் அந்த ராக்கெட்தான்.

ஹெட் கிளார்க்கின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ராக்கெட்டின் படம் இருந்தது. எட்டடி தள்ளி ராக்கெட்டும் இருந்தார். விளையாட்டு வீரர் ஒதுக்கீட்டில் பதினோரு வருஷத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்த இளநிலை உதவியாளர் அவர்தான். காலையில் வந்ததும் ஹெட் கிளார்க் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிறகு நிமிர்ந்து ஆளைப் பார்த்து, "என்ன தம்பி, அந்தப் புகார்ப் பதிவேடு இன்னும் முடியலியா?" என்பார்.

ராக்கெட்டின் சர்வதேச வாழ்க்கையை உலகம் ஒரு மாதிரி எழுதி வைத்திருந்தது: தொண்ணூற்றொன்பது ஆட்டம், அறுபத்திரண்டு கோல். பதிவேடு வேறு மாதிரி எழுதி வைத்திருந்தது: தற்செயல் விடுப்பு தீர்ந்தது, ஈட்டிய விடுப்பு தீர்ந்தது, அரைச் சம்பள விடுப்பு தீர்ந்தது. அரையிறுதியில் மூன்று கோல் போட்டாரே, நாடே தெருவில் இறங்கி ஆடியதே, அந்த நாள் பதிவேட்டில் மருத்துவ விடுப்பு. காரணம்: கடும் வயிற்றுவலி. வேறு விடுப்பு பாக்கியில்லை, மனுஷன் என்ன செய்வார்?

மறுநாளே அவருக்கு ஒரு குறிப்பாணை போயிற்று. "வயிற்றுவலியால் நடமாட இயலாதிருந்ததாகக் கூறப்படும் நாளில் தாங்கள் மும்முறை பந்தை வலைக்குள் செலுத்தியது எங்ஙனம் என்பதற்கு மூன்று தினங்களுக்குள் விளக்கமளிக்கவும்." எழுதியது நம் ஹெட் கிளார்க்தான். முந்தின நாள் அந்த மூன்று கோலுக்கும் துள்ளிக் குதித்துக் கத்தியதில் அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. அதனால் வாயால் கேட்க முடியாமல் எழுத்தில் கேட்டார்.

"வலி தாங்காமல் அங்குமிங்கும் ஓடினேன். ஓடிய வழியில் பந்து இருந்தது" என்று ராக்கெட் பதில் எழுதிக் கொடுத்தார். விளக்கம் ஏற்கப்பட்டு, கோப்பு முடிக்கப்பட்டது.

இப்படிப்பட்ட நிலையில்தான் இறுதி ஆட்டம் வந்தது. நம் ஊர் மைதானத்தில், பக்கத்து நாட்டோடு, ராக்கெட்டின் நூறாவது ஆட்டம். புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு. வேலை நாளில், மொட்டை வெயிலில் யாராவது இறுதி ஆட்டம் வைப்பார்களா என்று கேட்காதீர்கள். மைதான விளக்குகளைச் சரிசெய்யும் கோப்பு நாலு வருஷமாக நகர்ந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அரை நாள் விடுமுறை விடலாம் என்ற கோப்பும் நகர்ந்தது. அது பாவம், வேகமாகத்தான் நகர்ந்தது. ஆட்டம் முடிந்த மறு வாரமே கையெழுத்தாகிவிட்டது.

இந்த ஒரு தடவையாவது ஒழுங்காகக் கேட்டு வாங்கிக்கொண்டு போகவேண்டும் என்று ராக்கெட்டுக்கு ஆசை. புது வருஷம் பிறந்து தற்செயல் விடுப்பு கணக்கில் ஏறியிருந்தது. விதிப்படி ஒரு வாரம் முன்னதாக விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு ஹெட் கிளார்க்கின் முன்னால் நின்றார்.

"எந்தத் தேதி தம்பி?"

"வர்ற புதன்கிழமை சார்."

ஹெட் கிளார்க் பதிவேட்டைப் புரட்டினார். முகம் சுருங்கியது. "அன்னிக்கு ஏற்கனவே இருபத்தாறு பேர் எழுதிக் குடுத்திருக்காங்களே. நீங்க இருபத்தேழு."

டைப்பிஸ்டின் மாமியாருக்குக் கண் அறுவை சிகிச்சை. தபால் பிரிவுக்காரருக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கணும். வரைவாளர் வீடு மாறுகிறார். காவலாளிக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா இறந்துவிடுவார் போலிருக்கிறது. ஆட்டத் தேதி அறிவித்த அன்றே இத்தனை பேர் வீட்டிலும் இத்தனை கஷ்டம். முதல் விண்ணப்பம் ஹெட் கிளார்க்கினுடையது. காரணம்: சொந்த அலுவல். மைதானத்தின் கிழக்குப் பக்கம், நாலாவது வரிசை, மனைவி மகளோடு மூன்று டிக்கெட்.

"சார், அன்னிக்கு நான்தான் ஆடணும்" என்றார் ராக்கெட்.

"தெரியாதா எனக்கு? ராத்திரி பகலா அதே நினைப்பாத்தான் இருக்கேன். ஆனா பதினாலாவது விதின்னு ஒண்ணு இருக்கே. ஒருத்தர் உக்காந்தே ஆகணும். கடைசியா வந்தவர் யாரோ அவர்."

"சார், பதினோரு வருஷமா வயித்துவலின்னும் காய்ச்சல்னும் பொய் சொல்லிட்டுப் போய் ஆடியிருக்கேன். நூறாவது ஆட்டம் சார். இதுக்கப்புறம் என் முழங்கால் தாங்காது. ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லிட்டுப் போறேனே."

ஹெட் கிளார்க்குக்கு மனசு கேட்கவில்லை. கல்நெஞ்சம் இல்லை அவருக்கு. எழுந்து நின்று கை தட்டினார். அலுவலகம் நிமிர்ந்தது.

"எல்லாரும் கேளுங்க. நம்ம தம்பிக்காக, நம்ம நாட்டுக்காக, யாராவது ஒரே ஒருத்தர் அன்னிக்கு லீவை விட்டுக் குடுக்கணும். யார்?"

நிமிர்ந்த தலைகள் அத்தனையும் கோப்புகளுக்குள் குனிந்தன.

"ராக்கெட்டுக்காக உயிரையே குடுப்பேன் சார்" என்றார் தபால் பிரிவுக்காரர், நெஞ்சில் கை வைத்து. "உயிர் வேணுமா, இப்பவே எடுத்துக்கங்க. லீவு கேட்டா எப்படி சார்?"

"என் பொண்ணு தம்பி படத்தைப் பாத்துட்டுத்தான் சாப்பிடவே உக்காருவா. அவளுக்கு நேர்ல காட்டறேன்னு சத்தியம் பண்ணிட்டேன்" என்றார் டைப்பிஸ்ட். மாமியாரின் கண் அவருக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

"நீங்களே இருந்துட்டா என்ன சார்?" என்று கேட்டார் வரைவாளர்.

ஹெட் கிளார்க்குக்குச் சுருக்கென்றது. "நானா? நல்லாருக்கே கதை! லீவு குடுக்கற நானே லீவை விட்டுக் குடுத்தா, நாளைக்கு இந்தப் பதிவேட்டை எவன் மதிப்பான்?" என்று உட்கார்ந்துவிட்டார்.

ஆனாலும் அவர் சும்மா இருக்கவில்லை. பெரிய அதிகாரியிடம் கோப்பைக் கொண்டுபோனார். அதிகாரிக்கு ஆட்டத்தன்று மைதானத்தில் அமைச்சருக்குப் பக்கத்து நாற்காலி. "அரை நாளாவது குடுக்கலாமே?" என்றார் அதிகாரி. "அரை நாள்னாலும் அந்த அரை நாளுக்கு ஒருத்தர் வேணும் சார்" என்றார் ஹெட் கிளார்க். "அப்ப ஒரு மணி நேரம் பர்மிஷன் குடுத்துடுங்க. போய் முதல் பாதி ஆடிட்டு வந்துடட்டும்." "போக வர நாப்பது நிமிஷம் ஆயிடும் சார். ஆட இருபது நிமிஷம்தான் மிஞ்சும்." "ராக்கெட்டுக்கு அது போதாதா?" என்று ஆச்சரியப்பட்டார் அதிகாரி.

கால்பந்துக் கழகம் அவசரக் கடிதம் அனுப்பியது. "தேசிய அணியின் கேப்டனை விடுவிக்கவும்" என்று அதில் இருந்தது. அப்படி ஒரு பதவி இந்த அலுவலகத்தின் பணியிடப் பட்டியலில் இல்லை என்று தபால் பிரிவு அதைத் திருப்பி அனுப்பியது. அமைச்சரே குறிப்பு எழுதினார்: "விதிகளுக்கு உட்பட்டு ஆவன செய்யவும்." அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஹெட் கிளார்க்குக்கு இருபத்தெட்டு வருஷமாகத் தெரியும்.

புதன்கிழமை வந்தது. மைதானத்தில் எள் விழ இடமில்லை. நாலாவது வரிசையில் ஹெட் கிளார்க், அவர் மனைவி, மகள். ஐந்தாவது வரிசையில் பல் பிடுங்கின தபால் பிரிவுக்காரர் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார். அலுவலகமே அங்கே இருந்தது. வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்திருந்தால் எல்லாருக்கும் முழு ஆஜர் போட்டிருக்கலாம்.

அணி வெளியே வந்தது. "ராக்கெட்! ராக்கெட்!" என்று மைதானம் அதிர்ந்தது. ஹெட் கிளார்க்கும் கத்தினார், அடிவயிற்றிலிருந்து கத்தினார். பதினோரு பேரும் வந்து நின்றார்கள். ராக்கெட் இல்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் ஹெட் கிளார்க்கும் எட்டிப் பார்த்துத் தேடினார். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர் வேறு ஆள் மாதிரி, "எங்கப்பா நம்ம ஆளைக் காணோம்?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்.

"உங்களுக்கு விஷயம் தெரியாதா? ஏதோ ஆபீஸ்ல எவனோ ஒரு கிளார்க் லீவு குடுக்கலையாம்" என்றார் அந்த ஆள்.

ஹெட் கிளார்க்குக்கு ரத்தம் கொதித்தது. "அவனையெல்லாம் நடுரோட்டுல நிக்க வச்சு உதைக்கணும் சார்!" என்றார். நிஜமான கோபம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மகள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "அப்பா, அது நீங்கதானே?"

"சும்மா இரும்மா. ஆட்டத்தைப் பாரு."

ஆட்டத்தைப் பார்த்தார்கள். நாலுக்கு பூஜ்யம்.

மறுநாள் காலையில் அலுவலகம் இழவு வீடாக இருந்தது. ராக்கெட் தன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஹெட் கிளார்க் மட்டும் மெதுவாகப் பார்வையாளர் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். தன் முடிவால் எத்தனை பொதுமக்களுக்கு நன்மை விளைந்தது என்று தெரிந்தால் நெஞ்சு கொஞ்சம் ஆறும் என்று நினைத்தார்.

நேற்றைய தேதியில் ஒரே ஒரு பதிவு. வந்தவர்: ஒருவர். வந்த நோக்கம்: இங்கே டிவி இருக்கிறதா என அறிய. எடுத்த நடவடிக்கை: இல்லை எனத் தெரிவிக்கப்பட்டது.

"அப்புறம் போயிட்டாரா?" என்று ராக்கெட்டைக் கேட்டார்.

"இல்ல சார். அவர் செல்போன்லேயே வச்சுப் பாத்தாரு. ரெண்டு மணி நேரமும் ராக்கெட்டை வாய்க்கு வந்தபடி திட்டினாரு. காசு வாங்கிட்டு ஓடிட்டான்னு சொன்னாரு."

"நீங்க யாருன்னு அவருக்குத் தெரியலையா?"

"கவுன்ட்டருக்குப் பின்னாடி உக்காந்திருக்கறவன் மூஞ்சிய யார் சார் பாக்கறாங்க?"

மதியத் தபாலில் கால்பந்துக் கழகத்திலிருந்து ஒரு குறிப்பாணை வந்தது. உரிய முன்னனுமதியின்றி இறுதி ஆட்டத்துக்கு வராதிருந்த காரணத்தால் ராக்கெட் அணியிலிருந்து தற்காலிகமாக நீக்கப்படுகிறார். தன் தரப்பை நேரில் விளக்க அடுத்த புதன்கிழமை காலை பதினோரு மணிக்குக் கழக அலுவலகத்துக்கு வரவேண்டும். தவறினால் நீக்கம் நிரந்தரமாகும். தொண்ணூற்றொன்பதோடு சரி.

அலுவலகம் கொந்தளித்தது. அநியாயம் என்றார் டைப்பிஸ்ட். இதைச் சும்மா விடக்கூடாது என்று மேஜையைத் தட்டினார் தபால் பிரிவுக்காரர். ராக்கெட்டுக்கு நீதி கேட்டுக் கழக வாசலில் மாபெரும் கண்டன ஆர்ப்பாட்டம் நடத்துவதென்றும், அலுவலகமே திரண்டு போவதென்றும் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. தலைமை ஹெட் கிளார்க். நாள் அடுத்த புதன்கிழமை, காலை பதினோரு மணி.

சாயங்காலத்துக்குள் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. ஹெட் கிளார்க் எண்ணினார். தன்னுடையதோடு இருபத்தாறு. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு எட்டடி தள்ளிப் பார்த்தார்.

"தம்பி, நீங்க இன்னும் எழுதிக் குடுக்கலியே?"

ராக்கெட் புகார்ப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "வேண்டாம் சார். எல்லாரும் எனக்காகத்தானே போறீங்க. இங்க ஒருத்தர் இருக்கணுமில்ல?"

ஹெட் கிளார்க் பேனாவைத் திறந்தார். "தங்கமான மனுஷன்யா" என்று பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்லிக்கொண்டே, இருபத்தாறு விண்ணப்பங்களிலும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்.