அச்சம் ஒழிந்த பத்தொன்பது பேர்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு நடந்த மகத்தான காரியங்களை வரிசைப்படுத்தினால், சென்ற ஆடி மாதம் திருச்செங்கோட்டுப் பக்கம், எங்கள் ஊர் போர்வெல் ஷெட்டில் நடந்தது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரும். அன்று மாலை ஆறு மணிக்கு, அச்சத்தை ஒழிப்பது என்று தீர்மானித்தோம். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எதிர்த்துக் கை தூக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஊரில் படிக்காத பெரியவர்களுக்கு முப்பது நாளில் எழுத்துச் சொல்லிக் கொடுப்பது என்பதுதான் முதலில் போட்ட திட்டம். அப்படி எடுத்த எடுப்பில் எழுத்துக்குள் இறங்குவது விஞ்ஞானபூர்வமானது அல்ல என்று, சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து வந்திருந்த தன்னம்பிக்கைப் பயிற்றுநர் சபரிநாதன் விளக்கினார். வயது வந்த மாணவருக்கு முதல் எதிரி அச்சம். அதைக் களைந்துவிட்டால் எழுத்துகள் தாமாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே, 'முதியோர் கல்விக் குழு' என்றிருந்த எங்கள் பெயர் 'வயது வந்தோர் அச்ச நிவர்த்திக் குழு' என்று மாற்றப்பட்டது. ரப்பர் ஸ்டாம்ப் மாற்ற நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் முப்பதில் சேர்த்தி. செயலாளர் அடியேன்.

புரவலர், ஏழு போர்வெல் வண்டிகளின் உரிமையாளர் வேலுமணி. இடம் கொடுத்தார், மின்விசிறி கொடுத்தார், தினமும் சுண்டல் கொடுத்தார். அவருடைய சொந்த அக்காள் சென்னியம்மாளே முதல் ஆளாக வந்து பெயர் கொடுத்தது திட்டத்துக்குக் கிடைத்த கௌரவம்.

முதல் நாள், 'அச்ச மதிப்பீட்டுப் படிவம்' வழங்கப்பட்டது. இரண்டு பக்கம். மாணவர் தம் கைப்பட நிரப்ப வேண்டும். "எழுதத் தெரியாதவங்க எப்படிங்க நிரப்புவாங்க?" என்று டீச்சர் ஜோதி கேட்டாள். அவள் பி.எட். முடித்தவள். அனுபவம் போதாது. படிவங்களைச் செயலாளரே நிரப்புவது என்று குழு கூடி முடிவெடுத்தது.

முதலில் தீர்த்தகிரி வந்தார். முப்பது வருடம் போர்வெல் வண்டி ஓட்டி ஓய்ந்தவர்.

"உங்களுக்கு எதைக் கண்டா பயம்?" என்று சபரிநாதன் கேட்டார்.

"பயமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சத்தீஸ்கர் காட்டுக்குள்ள தனியா வண்டி ஓட்டுனவன். எழுத்துத்தான் தெரியாது."

"பயமில்லைன்னு சொல்றதுதாங்க ஆழமான பயம்."

"அப்படீங்களா? இத்தனை வருசம் கூடவே வந்திருக்குது, டீசல் குடிக்காம."

பத்துக்கு ஒன்பது போட்டேன்.

அடுத்து சென்னியம்மாள். ஐம்பத்தாறு வயது. கணவர் இறந்தபின் அப்பன் விட்டுப்போன தோட்டத்தில் இரண்டறை வீட்டில் குடியிருக்கிறார். இரண்டு எருமை.

"எனக்குப் பயம் இருக்குதுங்க," என்றார். "பத்திரத்தைக் கண்டாத்தான் பயம்."

"விவரமாச் சொல்லுங்க."

"எந்தம்பி போன வருசம் ஒரு பத்திரம் கொண்டாந்தானுங்க. நான் கைநாட்டுங்கறதால, எழுதறவரு படிச்சுக் காட்டுனாரு. பாதியில பாத்தா, நான் குடியிருக்கற ஊட்டையும் கெணத்துப் பங்கையும் அவனுக்கே உட்டுக் குடுத்தர்றதா வருது. கையை மடக்கிக்கிட்டு ஊட்டுக்கு வந்துட்டேன். இப்ப வேற ஒண்ணுங்கறான். கெணத்து மோட்டாரு கரெண்டைப் பேரு மாத்தறதுக்காமா. இருக்கும். நானே படிச்சுப் பாத்துப்போட்டு வெக்கறேன்னுட்டேன். ஆவணியில நாள் குறிச்சிருக்கறானுங்க. அதுக்குள்ள கத்துக் குடுத்தீங்கன்னாப் போதும்."

பக்கத்து நாற்காலியிலிருந்த வேலுமணி சிரித்தார். "எங்கக்காளுக்கு ஆரைப் பாத்தாலும் சந்தேகம். அதைக் கொஞ்சம் எடுத்து உட்டீங்கன்னா உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"சந்தேகம்ங்கறது அச்சத்தோட கூடப் பொறந்தது," என்றார் சபரிநாதன்.

பத்துக்குப் பத்து போட்டேன். வகுப்பிலேயே அதுதான் முதல் மதிப்பெண்.

பயிற்சி தொடங்கியது. முதல் வாரம் மூச்சு. இரண்டாம் வாரம் முட்டை. நாமக்கல் மாவட்டத்தில் முட்டைக்குப் பஞ்சமில்லை என்பதால் இந்த உயர்ந்த உத்தி எங்களுக்கு எளிதாகக் கைகூடியது. ஆளுக்கொரு முட்டையை உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடி, 'என் அச்சம் இதற்குள் இருக்கிறது' என்று பதினைந்து நிமிடம் நினைக்க வேண்டும். கடைசியில் ஓங்கி ஒரு சட்டியில் உடைக்க வேண்டும். பத்தொன்பது பேரில் பதினெட்டு பேர் உடைத்தார்கள். தீர்த்தகிரி தம்முடைய அச்சத்தை மடியில் கட்டிக்கொண்டு போய் வெங்காயம் போட்டு வறுத்துச் சாப்பிட்டதாக மறுநாள் தெரிவித்தார். பதிவேட்டில் 'அச்சம் ஒழிந்தது' என்றே குறித்தேன்.

மூன்றாம் வாரம் பொன்விதிகள். நிமிர்ந்து நில். கண்ணைப் பார்த்துப் பேசு. கேள்வி கேட்காதே, கேள்வி கேட்பவன் தன்னை நம்பாதவன். மூன்றாவது விதிதான் மாணவர்களுக்குச் சுலபமாக வந்தது. ஒருவேளை ஏற்கெனவே பழகியதாக இருக்கலாம்.

சென்னியம்மாள் மட்டும் கொஞ்சம் பின்தங்கினார். கையைத் தூக்கினார்.

"ஏனுங்க சார், எழுத்து எப்பங்க?"

"பாத்தீங்களா, கேள்வி," என்றார் சபரிநாதன் கனிவாக.

"கேக்காம எப்படிங்க தெரியும்?"

"இது ரெண்டாவது."

வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. சென்னியம்மாள் உட்கார்ந்துவிட்டார். அன்றைய முன்னேற்றத்தைத் தனிக் குறிப்பாக எழுதினேன்.

சுண்டல் நேரத்தில் அவர் ஜோதியிடம் போய், "அம்மிணி, நீயாச்சும் ரெண்டு எழுத்து எழுதிக் காட்டு சாமி," என்று கேட்டிருக்கிறார். சுண்டல் காகிதத்தின் பின்புறத்தில் அவளும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். இப்படி அனுமதியின்றி நடந்த கல்வியில் உயிரெழுத்து ஐந்து முடிந்துவிட்டது. தகவல் எனக்கு எட்டியதும் கண்டித்தேன்.

"சார், அந்தம்மாவுக்கு ஒரு பத்திரம் படிக்கணும். அவ்வளவுதான் கேக்கறாங்க. மிச்சமிருக்கறது ஏழு நாள்," என்றாள்.

"ஏழு நாளில் படிக்க வைக்க முடியுமா?"

"முடியாதுங்க. முப்பது நாளும் குடுத்திருந்தா எழுத்துக் கூட்டியாவது படிச்சிருப்பாங்க."

"பிறகு எதற்கு அவர் மனத்தில் வீண் ஆசையை வளர்க்கிறாய்?"

அவள் இரண்டு நாள் கழித்து அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். திறமைசாலிகள் நிலைப்பதில்லை.

இந்த நேரத்தில்தான் புரவலர் ஒரு யோசனை சொன்னார். நிறைவு விழாவுக்கு ஆட்கள் வருவார்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது இருக்க வேண்டும். எல்லோருக்கும் அவரவர் கையெழுத்தை மட்டும் பழக்கிவிட்டால் என்ன? "கைநாட்டே இல்லாத ஊருன்னு பேனர் வெக்கலாமுங்க." குழு நெகிழ்ந்துபோனது. எஞ்சிய ஐந்து நாளும் கையெழுத்துத்தான். சென்னியம்மாளுக்குப் பெயரில் ஏழு எழுத்து. எது எந்த எழுத்து என்று அவருக்குத் தெரியாது; வரிசை மாறாமல் வரையத் தெரிந்துவிட்டது. ஒரு நோட்டு முழுக்க வரைந்தார். வேலுமணியே பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தக் கொம்பை இன்னும் கொஞ்சம் வளை, அக்கா," என்று திருத்தியதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது.

விழாவில் மேடைக்கு வந்து பத்தொன்பது பேரும் பலகையில் கையெழுத்திட்டுச் சான்றிதழ் வாங்கினார்கள். 'அச்சம் ஒழிந்ததா?' என்று சபரிநாதன் கேட்டார். 'ஒழிந்தது' என்றார்கள். அதன்பிறகே சுண்டல் என்று ஏற்பாடு. சராசரி அச்சம் எட்டரையிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கியதாக அறிக்கை அனுப்பினேன்.

மறுவாரம், கல்வியின் பயனை நேரில் காணும் பேறு எனக்கு வாய்த்தது. வேலுமணி என்னைத் தம் காரிலேயே பத்திர எழுத்தர் தனபாலின் கடைக்கு அழைத்துப் போனார். பத்திரத்துக்குச் சாட்சி வேண்டுமாம்; ஊரில் மதிப்புள்ள ஆளாக இருக்க வேண்டுமாம். சென்னியம்மாள் புதுச் சேலையில், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

தனபால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டார்: "அம்மா கைநாட்டுங்களா, கையெழுத்துங்களா?"

"கையெழுத்துங்க," என்றார் வேலுமணி. "சர்டிபிகேட்டே வாங்கியிருக்கறாங்க."

"அப்பப் படிச்சுக் காட்ட வேண்டியதில்லைங்க. கைநாட்டுக்காரங்களுக்குத்தான் படிச்சுக் காட்டோணும். அவங்களே படிச்சுக்குவாங்க."

பத்திரத்தை அவர் முன்னால் வைத்தார். சென்னியம்மாள் அதை வெகுநேரம் பார்த்தார். விரலை வரிவரியாக நகர்த்தினார். ஒரு இடத்தில் நிறுத்தி, "இது 'அ'," என்றார். இன்னொரு இடத்தில் "இது 'இ'," என்றார். அப்புறம் விரல் நின்றுவிட்டது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, இதுல..."

நான் பதில் சொல்ல வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. பாதியிலேயே அவருக்கு மூன்றாம் விதி ஞாபகம் வந்துவிட்டது. முகம் சிறிது சிவந்தது. மூச்சை இழுத்து விட்டார். பேனாவை வாங்கி, ஒன்பது பக்கத்திலும், பக்கத்துக்கு ஏழு எழுத்து வீதம், வரிசை மாறாமல் போட்டார்.

"எங்கக்கா எப்படிப் போடுது பாருங்க," என்றார் வேலுமணி.

முதல் சாட்சியாக நான் கையெழுத்திட்டேன். மோட்டாரைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. எனக்குப் படிக்கத் தெரியும்.