ஒப்புதல் பெற்ற சேறு

ஒரு நாட்டின் பாதுகாப்பு அதன் எல்லையில் இருக்கிறது என்று நினைப்பவர்கள் விவரம் தெரியாதவர்கள். அது ஓர் ஆறு மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், ஆண்கள் கழிப்பறைக்கு அடுத்த அறையில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டிக்கு மேல் தனி விளக்கு உண்டு. அறையில் யாரும் தும்மக் கூடாது என்று சுவரில் அறிவிப்பும் உண்டு.

பெட்டிக்குள் இருந்தது நாட்டின் புதிய போர் டாங்கி. சரியாகச் சொன்னால், அதன் முப்பத்தைந்தில் ஒரு பங்கு மாதிரி. மீதி முப்பத்து நான்கு பங்கும் பல வருடங்களாகப் "பரிசீலனையில்" இருந்தது.

அதைச் செய்தவரைக் கட்டடத்தில் எல்லோரும் பொம்மைக்காரர் என்பார்கள். முதுநிலை மாதிரி வடிவமைப்பு அலுவலர் என்று அவருக்கு முறையான பதவிப்பெயர் இருந்தது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் லிஃப்ட் வந்துவிடும். அவருக்கு அதில் வருத்தமில்லை. டாங்கி செய்வதற்கென்றே ஏற்பட்ட அந்த நிறுவனத்தில், இத்தனை பொறியாளர்களுக்கு நடுவில், டாங்கி என்று ஒன்றைச் செய்து முடித்திருந்தவர் அவர் மட்டும்தான்.

அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பிளாஸ்டிக் தகட்டைப் பிளேடால் கீறி, மளுக்கென்று ஒடித்து, உப்புத்தாளால் தேய்த்து உடம்பு செய்வார். பிளாஸ்டிக் குச்சி ஒன்றை மெழுகுவத்தி நெருப்பில் காட்டி, இளகியதும் இரண்டு பக்கமும் இழுத்தால் தலைமுடி கனத்துக்கு நீளும், அது ஆண்டெனா. செம்புக் கம்பிகளை முறுக்கினால் இழுவை வடம். சங்கிலிப் பட்டையை மேல் உருளைகளுக்கு நடுவே லேசாகத் தொய்ய விட்டு ஒட்டுவார். இரும்புக்குக் கனம் உண்டு என்பது பிளாஸ்டிக்குக்குத் தெரியாதே, நாம்தானே சொல்லித்தர வேண்டும்.

முதல் ஆய்வுக் கூட்டத்தில் இயக்குநர் மாதிரியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா புதுசா இருக்கே?"

"புது டாங்கி சார்."

"அதான் பிரச்சினையே. இப்பதான் கடையிலேருந்து வாங்கிட்டு வந்த மாதிரி இருக்கு. இதைப் பார்த்து எவன் பயப்படுவான்? கொஞ்சம் அனுபவம் சேருங்க."

பொம்மைக்காரர் அனுபவம் சேர்த்தார். சுண்ணாம்புத் தூளில் பழுப்பு வண்ணத்தைக் குழைத்து, பழைய டூத் பிரஷ்ஷை அதில் தோய்த்து, கட்டைவிரலால் சுண்டினார், சேறு தெறித்தது. ஸ்பாஞ்சுத் துண்டால் ஓரங்களில் ஒற்றியெடுத்தார்; பெயிண்ட் உரிந்தது. அப்புறம் கொஞ்சம் துரு, கொஞ்சம் புகைக்கரி, விலாவில் குண்டு உரசிப் போன தழும்பு. "வாகனம் இரு போர்களில் திறம்படப் பணியாற்றிய தோற்றத்துடன் விளங்குகிறது" என்று கூட்டக் குறிப்பில் பதிவாயிற்று. இன்னும் பிறக்காத டாங்கி இரண்டு போரைப் பார்த்துவிட்டது. இந்தப் பெருமை வேறு எந்த நாட்டுக்கும் வாய்க்கவில்லை.

அமைச்சர் பார்வையிட வந்தார். பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். இடுப்பில் கைவைத்துக் குனிந்து பார்த்தார்.

"அடேங்கப்பா! சேறு எவ்வளவு இயல்பா இருக்கு! யார் வேலை?"

இயக்குநர் பொம்மைக்காரரைப் பிடித்து முன்னால் தள்ளினார். பொம்மைக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த "யார் வேலை?"யை அவர் வீட்டில் எத்தனை தடவை சொன்னார் என்றால், கடைசியில் அவர் வாயைத் திறந்ததுமே அவர் மனைவி, "யார் வேலை, அதானே? வந்து சாப்பிடுங்க," என்று முடித்துவிடுவாள்.

ஆனால் அன்றைக்கு அமைச்சர் பார்த்ததோடு நிற்கவில்லை. மகிழ்ச்சி மிகுதியில் விரலை நீட்டினார். டாங்கியின் முன்பக்கத்தில் ஓட்டுநர் ஏறி இறங்க ஒரு மூடி இருந்தது. ஊசித்துண்டில் கீல் வைத்து, திறந்து மூடும்படி பொம்மைக்காரர் ஆசை ஆசையாகச் செய்த மூடி. அமைச்சரின் நகம் பட்டதும் அது கையோடு வந்துவிட்டது.

"என்னய்யா, டாங்கி உடைஞ்சுபோச்சு?"

இயக்குநருக்கு வியர்த்துக் கொட்டியது. பிற்பகலே அவசரக் கூட்டம். தேசத்தின் கவசம் ஒரு நகத்துக்குத் தாக்குப்பிடிக்கவில்லை என்பதை எல்லோரும் கவலையோடு விவாதித்தார்கள். முன் மூடியை நிரந்தரமாக ஒட்டிவிடுவது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

"ஓட்டுநர் போக வர வழி வேணுமே சார்," என்றார் பொம்மைக்காரர்.

"எந்த ஓட்டுநர்?" என்று பெட்டியைக் காட்டினார் இயக்குநர்.

நியாயம்தான். பெட்டிக்குள் யாரும் இல்லை. பொம்மைக்காரர் மூடியை ஒட்டி, மேலே மக்குப் பசை பூசி, தேய்த்து வழவழப்பாக்கினார். மூடி இருந்த இடம் தெரிவதற்காகப் பிளேடு நுனியால் ஒரு வட்டக் கோடு போட்டார். ஒரே இழுப்பு, பிசிறில்லை. உண்மையான மூடியைவிடக் கோடு அழகாக இருப்பதாக அவருக்கே தோன்றியது.

பொம்மைக்காரருக்கு ஒரே மகள். அப்பாவின் மேஜைக்கடியில் தவழ்ந்து வளர்ந்தவள், பிளாஸ்டிக் போதாதென்று படையில் சேர்ந்து நிஜ டாங்கி ஓட்டப் போய்விட்டாள். விடுமுறைக்கு வந்தவளிடம் அவர் மாதிரியின் படங்களைக் காட்டினார்.

"அப்பா, சேறு இங்கெல்லாம் ஒட்டாது. பட்டை சுத்துற வேகத்துக்குப் பின்னாடிதான் அடிக்கும்."

"அமைச்சரே இயல்பா இருக்குன்னு சொல்லிட்டாரு."

"அவர் டாங்கி ஓட்டியிருக்காரா?"

"நீ சும்மா இரு குட்டி. இது ஒப்புதல் பெற்ற சேறு."

இப்படி எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்த வேளையில், பக்கத்து நாட்டுக்காரர்கள் பண்பாடில்லாமல் நிஜமாகவே ஒரு புது டாங்கியை ஓட்டிக் காட்டிவிட்டார்கள். வரும் அணிவகுப்பில் நம்முடையதும் ஓடியாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. நிறுவனத்தில் வரைபடங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சக்கரக் குழு பக்கத்துக்கு ஏழு சக்கரம் போட்டிருந்தது. உடற்பகுதிக் குழு ஆறுக்குத்தான் இடம் விட்டிருந்தது. எல்லாக் குழுக்களும் ஒருமனதாகக் கையெழுத்திட்ட பொருள் கட்டடத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

தலைமைப் பொறியாளர் அளவுகோலும் கால்குலேட்டருமாக வந்து உட்கார்ந்தார். அளந்தார், முப்பத்தைந்தால் பெருக்கினார்.

"இந்தக் கட்டி என்னங்க?"

"பசை சார். கொஞ்சம் வழிஞ்சிருச்சு."

"ஒப்புதல் வாங்கின மாதிரியில இருக்குல்ல? அப்ப இது கவசம். பின்னாடி இந்தக் கம்பி?"

"பிரஷ் முடி சார். பெயிண்ட்ல ஒட்டிக்கிச்சு."

"முக்காலங்குல இரும்புக் கம்பி," என்று குறித்துக்கொண்டார் பொறியாளர்.

"சார், சேற்றை மட்டும் விட்டுடலாமே?"

"சேற்றுக்கும் சேர்த்துத்தான் கையெழுத்து வாங்கியிருக்கு."

சேறும் இரும்பில் வார்க்கப்பட்டது. தொழிற்சாலையில் டாங்கியைப் பார்த்தபோது பொம்மைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கட்டைவிரலால் சுண்டிய துளிகள் தேங்காய் தேங்காயாக விலாவில் உறைந்து நின்றன. ஒரு மூலையில் அவருடைய பெருவிரல் ரேகைகூட, ஒவ்வொரு வரியும் விரல் கனத்தில், எஃகில் பதிந்திருந்தது. முன்பக்கம் அந்த வட்டக் கோடு, பிசிறில்லாமல். அதைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்தார். அணிவகுப்பில் டாங்கியை ஓட்டப் போவது படையின் மிகச் சிறந்த ஓட்டுநரான அவருடைய மகள்தான் என்று அறிவித்தபோது, மாடி மாடியாகப் போய் மிட்டாய் கொடுத்தார்.

ஒத்திகை நாளில் மகள் போன் செய்தாள்.

"அப்பா, முன் மூடி திறக்க மாட்டேங்குது. கடப்பாரை வெச்சுக்கூட நெம்பிப் பார்த்தாச்சு."



"திறக்காதும்மா."

"ஏன்?"

"அது மூடி இல்ல. கோடு."



"மேல் வழியா இறங்கி, பீரங்கிக்கு அடியில தவழ்ந்து போய் உக்கார்றேன்பா. ஏதாவது ஆச்சுன்னா நான் எப்படி வெளிய வருவேன்?"

"உடம்பு சரியில்லன்னு சொல்லிடு குட்டி. வேற யாராவது ஓட்டட்டும்."

"அந்த வேற யாரோவுக்கும் அப்பா இருப்பாருல்ல?" என்று போனை வைத்துவிட்டாள்.

பொம்மைக்காரர் லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. மூச்சிரைக்க இயக்குநர் முன்னால் போய் நின்றார்.

"சார், முன்பக்கத்தை வெட்டி மூடி வைக்கணும்."

"மாதிரியில இருக்கா?"

"இல்ல சார்."

"மாதிரியில இல்லாததை டாங்கியில எப்படிய்யா வைக்கிறது? முதல்ல மாதிரியை மாத்துங்க. கூட்டத்துல வைப்போம்."

அவர் பெட்டியைத் திறந்து, தான் போட்ட கோட்டிலேயே பிளேடை வைத்து வெட்டினார். கூட்டம் கூடியது. உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்து, "ஓட்டையா இருக்கே," என்றார்கள். அமைச்சர் மறுபடியும் விரலை விட்டுவிட்டால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். அது எல்லோரையும் கலங்க வைத்தது. மூடி விஷயத்தை அணிவகுப்புக்குப் பிறகு பரிசீலிப்பது, ஓட்டையை உடனே அடைப்பது என்று முடிவாயிற்று.

"மாட்டேன்," என்றார் பொம்மைக்காரர்.

அந்த அறையில் யாரும் கேட்டிராத சொல் அது. அதனால் யாருக்கும் அது காதில் விழவில்லை. இயக்குநரே பசையை எடுத்து ஓட்டையை அடைத்தார். கோணலாக அடைத்தார்.

அணிவகுப்பு நாளன்று டாங்கி வந்த அழகே அழகு. இரும்புச் சேற்றையும் சேர்த்து இழுக்க வேண்டும் என்று இன்ஜினிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. மேடைக்கு நேராக வந்ததும் அது ஒரு முறை குலுங்கி நின்றது. அடியிலிருந்து புகை கிளம்பியது. முதலில் வெள்ளை, பிறகு கன்னங்கரேல்.

கூட்டம் கைதட்டியது. அமைச்சர் எழுந்து நின்று கைதட்டினார்.

"பார்த்தீங்களா ஐயா, எங்கேயும் ஒரு இடுக்கு கிடையாது," என்றார் இயக்குநர்.

மேல் மூடி திறந்தது. ஒருவன் இருமிக்கொண்டே குதித்தான். இன்னொருவன் குதித்தான். மூன்றாவதாக யாரும் வரவில்லை.

பொம்மைக்காரர் கயிற்றுத் தடுப்பைத் தாண்டி ஓடினார். சுடச்சுட இருந்த இரும்பின்மேல் ஏறினார். சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் பிளேடை எடுத்து, அந்த வட்டக் கோட்டில் வைத்து அழுத்திக் கீறினார். பிளேடு ஒடிந்தது. ஒடிந்த துண்டால் கீறினார். கூட்டம் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தது.

குதித்த இரண்டு பேரும் மறுபடி உள்ளே தலைகீழாக இறங்கி, அவளைக் கக்கத்தில் கைகொடுத்து மேல் வழியாக இழுத்துப் போட்டார்கள். அவள் தரையில் உட்கார்ந்து இருமினாள். உயிர் இருந்தது. முகம் முழுக்கக் கரி. கண்ணில் வழிந்த நீர் மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தது. பொம்மைக்காரர் ரத்தம் வழியும் விரல்களால் அவள் முகத்தைத் துடைத்தார்.

அமைச்சர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். இடுப்பில் கைவைத்துக் குனிந்து பார்த்தார்.

"அடேங்கப்பா! கரி எவ்வளவு இயல்பா இருக்கு! யார் வேலை?"

இயக்குநர் வழக்கம்போல் பொம்மைக்காரரைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"நம்ம எல்லாரும் சேர்ந்து செஞ்சதுதாங்க," என்றார் பொம்மைக்காரர். "விரலை வெச்சது நீங்க. ஒட்டச் சொன்னது இவரு. கோடு போட்டது நான். உள்ள உக்காந்தது மட்டும்தான் இவ."