கவர் பத்திரமா இருக்கா?

கவரைப் பிரித்தால் உள்ளே இருந்த தாள் வெள்ளையாக இருந்தது. கட்டக்காரர் அதைத் திருப்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் இன்னும் வெள்ளையாக இருந்தது.

"எண் என்ன? சத்தமா படிங்க," என்றார் கணினித் திரையில் இருந்த குழுத் தலைவி. அவரோடு சேர்த்து மூன்று முகங்கள், மூன்று வெவ்வேறு ஊர்களிலிருந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தன.

"ஒரு நிமிஷம்... வெளிச்சம் பத்தல," என்றார் கட்டக்காரர். காலைப் பத்தரை மணி வெயில் அவர் மேஜை முழுக்கக் கொட்டிக் கிடந்தது.

கட்டக்காரர் என்பது தொழிலால் வந்த பெயர். அணுக்கருவுக்குள் குவார்க் என்ற பொடித் துகள்களை விடாப்பிடியாகப் பிடித்து வைத்திருக்கும் விசை ஒன்று உண்டு. காகிதத்தில் அதற்குக் கணக்குப் போட்டு மாளாது. ஆகவே வெளியையும் காலத்தையும் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, பெரிய கணினியிடம் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். கட்டக்காரர் மூன்று வருஷம் காத்திருந்தார்.

இதில் ஒரு வழக்கம் உண்டு. விடை இப்படி வந்தால் தேவலை என்று மனசுக்குள் ஓர் ஆசை இருந்தால், கணக்குப் போடுகிற கை தானாக அந்தப் பக்கம் சாயும். அதனால் கணினியே ரகசியமாக ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து, வருகிற விடைகளையெல்லாம் அதனால் பெருக்கி மறைத்துவிடும். எண்ணை ஒரே ஒரு தாளில் அச்சடித்துவிட்டு, தன் நினைவிலிருந்தும் அழித்துவிடும். வேலை முழுசாக முடிந்த பிறகுதான் தாளைப் பிரித்து, எண்ணால் வகுத்து, உண்மையான விடையைப் பார்க்கலாம்.

எண்ணைப் பார்த்தவர் யாராவது இருந்தால், அவரோடு அதைப் பற்றிப் பேசக் கூடாது என்பது விதி. கட்டக்காரருக்கு அது போதவில்லை. அப்படிப்பட்டவரோடு எதைப் பற்றியுமே பேசக் கூடாது என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டார். எண்ணைக் குலுக்கி மறைக்கும் கணினி நிரலை எழுதிக் கொடுத்தது அடுத்த அறை நண்பர். அவருக்கு எண் தெரிந்திருந்தால்? கட்டக்காரர் மறுநாளே பேச்சை நிறுத்திவிட்டார். பிறந்தநாளுக்குக் கதவிடுக்கில் நண்பர் செருகிய வாழ்த்து அட்டையைக்கூட இன்றுவரை பிரிக்கவில்லை. உள்ளே எண் இருந்தால்?

மதியச் சாப்பாடு தனி. வீட்டிலும் காத்திருக்க ஆளில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் தன் குரல் எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்துவிடும். வேறு எப்படிச் சொன்னாலும் அது தனிமைதான்.

ஒரே ஆறுதல், கீழ்த்தளத்துச் சாவி ஜன்னல். கட்டடத்துச் சாவிகளையெல்லாம் வைத்துக்கொண்டு அங்கே ஒரு மேடம் இருந்தார். நாலு மூலையிலும் கையெழுத்துப் போட்ட கவரை அவரிடம்தான் கட்டக்காரர் ஒப்படைத்திருந்தார். அப்போதே விதியையும் விளக்கினார்.

"எண்ணைப் பார்த்தவங்ககிட்ட நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன் மேடம். சொந்தத் தம்பியா இருந்தாலும் சரி. அச்சடிச்ச தாளையே நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுதான் எடுத்தேன், தெரியுமா?"

"ரொம்பக் கஷ்டம் சார்," என்றார் மேடம்.

அன்றிலிருந்து தினமும் பத்து மணிக்கு, "கவர் பத்திரமா இருக்கா?" "இருக்கு சார்." பிறகு பத்து நிமிஷம் மேடத்தின் முழங்கால் வலி, கட்டக்காரரின் ஒழுகும் குழாய், கொஞ்சம் குவார்க்.

"எவ்வளவு இழுத்தாலும் பிரிக்க முடியாது மேடம். தனியா ஒரு குவார்க்கை இதுவரைக்கும் யாருமே பார்த்ததில்ல."

"கொடுத்து வச்சதுங்க," என்பார் மேடம்.

இன்று காலை கவரை வாங்கும்போது, "இன்னைக்கே பிரிக்கிறீங்களா? சார், ஒரு விஷயம்..." என்று மேடம் ஆரம்பித்தார். "அப்புறம் மேடம்!" என்று கட்டக்காரர் ஓட்டமாக ஓடி வந்துவிட்டார்.

"மை மங்கியிருக்கும். சூடு காட்டிப் பாருங்க," என்றது திரையில் ஒரு முகம்.

கட்டக்காரர் வெந்நீர்க் கெட்டிலைப் போட்டு, ஆவியில் தாளைப் பிடித்தார். தாள் துவண்டு இரண்டாகக் கிழிந்தது. பதறிப்போய் இழுத்ததில் முழங்கை இடித்து, கெட்டில் கணினிமேல் சாய்ந்தது. முகங்கள் மறைந்து, தலைவியின் குரல் மட்டும் மிஞ்சியது.

"இடமில்லைன்னு மூல விவரத்தை எல்லாம் அழிச்சாச்சு, ஞாபகம் இருக்குல்ல? எண் இல்லாட்டா மூணு வருஷ வேலையும் குப்பை. சாயங்காலம் நாலு மணிக்குள்ள சொல்லுங்க. இல்லைன்னா முதல்லேருந்து..." அந்தக் குரலும் நின்றது.

அறைத் தொலைபேசி அடித்தது. தலைவியாகத்தான் இருக்கும் என்று பயந்து கட்டக்காரர் எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் அடுத்த அறைக் கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்த நண்பர் பேயைப் பார்த்ததுபோல நின்றார். "நீயா?"

"அந்த எண் உனக்குத் தெரியுமா?"

"எந்த எண்?"

"விடையை மறைச்ச எண்ணுடா!"

"எனக்கெப்படித் தெரியும்? குலுக்கி எடுக்கிறதும் அழிக்கிறதும் கணினி. நான் கண்ணால கூடப் பார்க்கல." நண்பருக்கு மெல்ல மெல்ல விஷயம் புரிந்தது. "டேய், இதுக்காகவா மூணு வருஷமா பேசல? நான் என்ன பாவம் பண்ணேன்னு எத்தனை நாள் யோசிச்சிருக்கேன் தெரியுமா? உன் ஜன்னலைத் தாண்டும்போதெல்லாம் குனிஞ்சு போயிருக்கேன்டா!"

கட்டக்காரர் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால் இருமல்தான் வந்தது. நண்பர் தண்ணீர் கொடுத்துவிட்டு, "அச்சு இயந்திரத்துக்கும் நினைவு இருக்கும். மெக்கானிக்கைக் கூப்பிடு. சண்டையை அப்புறம் வச்சுக்கலாம்," என்றார்.

அச்சு இயந்திரம் சாவி ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. மெக்கானிக் அதன் வயிற்றைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"பழசெல்லாம் உள்ளே அப்படியே இருக்கு சார். ஒரு பட்டன்தான்."

பட்டனை அழுத்தினார். இயந்திரம் உறுமிக்கொண்டு கக்க ஆரம்பித்தது. விடுப்பு விண்ணப்பங்கள், கூட்ட அறிவிப்புகள், யாரோ எழுதி யாருக்கும் அனுப்பாத ஒரு ராஜினாமாக் கடிதம். கட்டக்காரர் தரையில் உட்கார்ந்து நானூறு தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஜன்னலுக்குள்ளிருந்து மேடம் கையை ஆட்டி ஏதோ சொன்னார். சத்தத்தில் காதில் விழவில்லை. "அப்புறம் மேடம்!" என்று இவரும் கையை ஆட்டினார்.

எண் இல்லை.

"அப்ப அதை அது சேமிக்கல போல," என்றார் மெக்கானிக். "இன்னொரு தடவை தேடச் சொல்லலாம்னு பார்த்தேன். கை தவறி மொத்தத்தையும் அழிச்சிட்டேன்."

மணி மூன்றே முக்கால். நண்பரும் மெக்கானிக்கும் தாள்களை அள்ளிக்கொண்டு போனார்கள். கிழிந்த வெள்ளைத் தாளையும் வெறும் கவரையும் எடுத்துக்கொண்டு கட்டக்காரர் ஜன்னலுக்குப் போனார். மூன்று வருஷம் போனதைவிட, நாளைக் காலைப் பத்து மணிக்கு இங்கே வரக் காரணமில்லை என்பதுதான் அவரை அதிகம் வாட்டியது. அதை நினைத்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது.

"எல்லாம் போச்சு மேடம். கவர் காலி. நாளையிலேருந்து உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

மேடம் மேஜை இழுப்பறையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். கட்டக்காரர் பிரித்தார். நடுவில் ஒரே ஒரு எண். கீழே மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி.

"இது... இது எப்படி உங்ககிட்ட?"

"அன்னைக்கு நீங்க கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, அச்சு மெஷினோட அடித்தட்டுல இருந்த வெள்ளைத் தாளை உருவிட்டுப் போயிட்டீங்க சார். அச்சான தாள் மேலேயே கிடந்துச்சு. என்னன்னு எடுத்துப் பார்த்தேன். அதுக்குள்ள நீங்க கவரை ஒட்டிக் கையெழுத்தெல்லாம் போட்டுக் கொண்டு வந்துட்டீங்க."

"அப்படின்னா எண்ணைப் பார்த்துட்டீங்க!"

"பார்த்துட்டேன் சார்."

"மூணு வருஷமா தினமும் கேட்டேனே மேடம்! ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

மேடம் ஆணிகளில் வரிசையாகத் தொங்கிய சாவிகளைப் பார்த்தார். எல்லாவற்றிலும் தூசி படிந்திருந்தது.

"எல்லாக் கதவுக்கும் தேய்க்கிற அட்டை வந்தாச்சு, சாவி கேட்டு யாரும் வர்றதில்ல. எண்ணைப் பார்த்தவங்ககிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு நீங்களும் சொல்லிட்டீங்க. நான் உண்மையைச் சொல்லியிருந்தா, இந்த ஜன்னலுக்கு வேற யார் சார் வருவாங்க?"