ரேடியோ நிலையத்துக்கு நேர்ந்துவிட்ட என் தலைமுடி

காப்பெல், டெக்சாஸ்
வியாழக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை வாஞ்சிநாதனுக்கு,

உன் அக்காள் வீட்டுக்காரன் கிட்டுசாமி எழுதுவது. இங்கு நான், உன் அக்காள் ராமாத்தாள், மகன் முகிலன், மருமகள் சண்முகப்ரியா அனைவரும் சுகம். கோபியில் நீயும் உன் குடும்பமும் மாடு கன்றுகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். வேண்டுகிறேன் என்று எழுதும்போதே எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அந்த வேலையை இந்த வீட்டில் உன் அக்காள்தான் மொத்தக் குத்தகைக்கு எடுத்திருக்கிறாள்.

போன மாதம் என் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. டாக்டர் ஊசி விட்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, பத்து நாள் காத்திருங்கள் என்றார். நான் பாட்டுக்குக் காத்திருந்தேன். உன் அக்காள் சமையலறையில் ஒரு ரேடியோ வைத்திருக்கிறாள். அதில் அவளுக்கு ஒரே நிலையம்தான், இந்த டாலஸ் வட்டாரத்துக்கு மட்டும் கேட்கிற கிறிஸ்தவ நிலையம். விளம்பரமே கிடையாது, விடிந்தால் அடைந்தால் பாட்டும் ஜெபமும்தான், வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் சம்பளம் வாங்காமல் வருகிறவர்கள். காலையில் மார்த்தா என்றொரு அம்மாள் பேசுவார். யாருக்கு என்ன கவலை இருந்தாலும் கூப்பிடுங்கள், உங்களுக்காக ஜெபிக்கிறோம் என்பார். இவள் கூப்பிட்டே விட்டாள்! "ஹஸ்பெண்ட். நெக். டாக்டர் நீடில் போட்டு. யூ டெல் காட்." சரி, போகட்டும். அதோடு வாயை மூடினாளா? "குட் ரிசல்ட் கம், ஹஸ்பெண்ட் ஃபுல் மொட்டை. ஹேர் யுவர் ஆபீஸ் கிவ்."

யாரைக் கேட்டு, மாப்பிள்ளை? அறுபத்தெட்டு வயதில் நம் இரண்டு வகையறாவிலும் தலை நிறைய முடி உள்ளவன் நான் ஒருத்தன்தான். உன்னைக் குத்திக் காட்டுவதாக நினைக்காதே.

மறுநாள் மார்த்தா அம்மாள் அதை ஊருக்கே சொல்லிவிட்டார். காப்பெலில் இருக்கும் கிட்டுவின் கழுத்துக்காக ஜெபிப்போம், நல்ல செய்தி வந்தால் அவர் தம் முடியைக் கடவுளுக்குக் கொடுக்கப் போகிறார் என்று! இந்தியன் கடைக்குக் கொத்தமல்லி வாங்கப் போனால் ப்ரியம்வதா என்கிற பெண், "அங்கிள், ஃப்ரீவேல டிரைவ் பண்றப்போ கேட்டேன், காப்பெல்ல கிட்டுன்னா நீங்கதானே? ரிசல்ட் வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டு, கழுத்தைப் பார்க்காமல் என் தலையைப் பார்க்கிறாள்.

வீட்டுக்கு வந்து, "நேர்ந்துக்கறதுன்னா பழனி இல்லையா?" என்று கத்தினேன். "பழனிக்கு இங்கிருந்து எப்பங்க போறது? இவிய ரெண்டாவது ரிங்லயே எடுத்தாங்கல்லங்க" என்கிறாள்.

ரிசல்ட் வந்தது. வெறும் கொழுப்புக் கட்டி, ஒன்றுமில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அந்தப் பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டர் சொன்னதும் முகிலனுடைய காரில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதுவிட்டேன். ஆனால் அதற்கும் என் முடிக்கும் என்ன சம்பந்தம்?

செவ்வாய்க்கிழமை நேராக அந்த நிலையத்துக்கே நியாயம் கேட்கப் போனேன். டயர் கடைக்குப் பக்கத்தில் சின்னக் கட்டடம். உள்ளே மூன்று பேர். சுவரில் ஒரு காகிதத்தில் வரிசையாகப் பெயர்கள், ஏழாவதாக 'கிட்டு, கழுத்து'. மார்த்தா அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முடியெல்லாம் வேண்டாம், கடவுள் சும்மாவே கொடுப்பார் என்று சொல்லிவிட்டார். தப்பித்தோம் என்று குதித்துக்கொண்டு வந்தேன். உன் அக்காள் தோசையைத் திருப்பிக்கொண்டே, "வேண்டாம்னு சொல்றது அவிய பெருந்தன்மைங்க. குடுக்கறது நம்ம கடமைங்க" என்றாள். நீயாவது சொல்லுடா என்று முகிலனைப் பார்த்தால், "எனக்கு மீட்டிங் இருக்குப்பா" என்று மாடிக்கு ஓடினான். மீட்டிங்காவது மண்ணாங்கட்டியாவது! மறுநாளே முடி வெட்டுற மெஷின் வாசலில் பார்சலாக வந்து இறங்கிவிட்டது.

சனிக்கிழமை காலைதான் கெடு. போனில் சொன்னால் இவள் காதில் விழுந்துவிடும் என்றுதான் இதை எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். நீ உடனே இவளைக் கூப்பிட்டு, குலதெய்வக் கோயில் பூசாரியைக் கேட்டதாகவும், கோபுரம் இல்லாத இடத்துக்கு நேர்ந்தது செல்லாது என்று அவர் சொன்னதாகவும் சொல்லிவிடு. நிலையத்தின் கூரைமேல் ஒரு இரும்புக் கோபுரம் நிற்கிறது, இவள் கட்டாயம் அதைச் சொல்லுவாள். பதிலைத் தயாராக வைத்துக்கொள். என் மானம் உன் கையில்.

பெரியவர்களுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. எல்லாரும் தலைமுடியோடு தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மச்சான்
கிட்டுசாமி

பின்குறிப்பு: இதைப் படமெடுத்து அனுப்பத் தெரியாமல் இரண்டு நாள் போய்விட்டது. இன்று சனிக்கிழமை. காலையில் நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். ஒருத்தரும் கதவைத் தட்டவில்லை. சந்தேகம் வந்து வெளியே வந்து பார்த்தால், கராஜில் உன் அக்காள் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கொண்டையை அவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். முகிலன் மெஷினை வைத்துக்கொண்டு நிற்கிறான். "நேர்ந்தது நான். நீங்க குடுக்காட்டி நான் குடுத்துட்டுப் போறனுங்க. நீங்க நல்லா இருக்கீங்கல்ல, அது போதும்" என்றாள். இருந்தாலும் இவளுக்கு இத்தனை பிடிவாதம் ஆகாது, மாப்பிள்ளை.

எந்திரி என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தேன். நீ போன் பண்ண வேண்டாம்.